ஆணியில் தொங்கிய பவளம்

போன மாதம் முதுகுவலிக்கு ஸ்கேன் எடுக்கப் போயிருந்தேன். வாசலில் ஒரு சின்னப் பெண் பிளாஸ்டிக் தட்டை நீட்டி, உடம்பில் இருக்கிற நகையெல்லாம் கழற்றிவிட வேண்டும் என்றாள். எனக்கு முன்னால் நின்ற அம்மாள் தாலியைக் கையால் பொத்திக்கொண்டு அவளோடு மல்லுக்கு நின்றார். நான் தோடு, மூக்குத்தி, தாலி எல்லாவற்றையும் கழற்றித் தட்டில் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். புருஷனோடு சண்டையாக்கும் என்று நினைத்தாளோ, வெட்கம் கெட்டவள் என்று நினைத்தாளோ தெரியாது. அவளுக்கு நின்று விளக்க நேரமில்லை. உங்களுக்குச் சொல்லலாம், நம் வயதுக்காரர்களுக்கு இது பாதி சொல்லும்போதே புரிந்துவிடும்.

நம்மில் யார் வெறும் உடம்போடு வளர்ந்தோம்? பிறந்த பதினோராம் நாள் இடுப்பில் கறுப்புக் கயிறு. அதில் நாய் உருவம் போட்ட ஒரு நாய்க்காசு, கையில் வசம்பு வளையல், கன்னத்தில் மை. கொஞ்சம் வசதியிருந்தால் புலிநகம். காய்ச்சல் வந்தால் கழுத்தில் ஒரு தாயத்து கூடும், காய்ச்சல் போனாலும் தாயத்து போகாது. எங்கள் வகுப்பில் ஒரு பையன் ஓடினால் ஜல்ஜல்லென்று சத்தம் வரும், அவ்வளவு கட்டியிருந்தார்கள் அவன் வீட்டில். அவனுக்கு முன்னால் மூன்று பிள்ளைகள் தங்கவில்லை என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்கரையில் இருந்தது. எளாவூர் வரைக்கும் நடை, அங்கிருந்து பஸ். எழுபதுகளின் கடைசியில் ஒரு கோடை, ஏரியின் முகத்துவாரம் மணலடைத்துக்கொண்டது. ஏரியும் கடலும் கலக்கிற வாய் அது. அது அடைத்தால் கடல்தண்ணீர் உள்ளே வராது, இறால் வராது, ஏரி சூடாகி வற்றிக்கொண்டே போகும். எங்கள் நைனா, அப்பாதான், விடிந்ததும் படகைத் தள்ளிக்கொண்டு போவார், பொழுது சாயும்போது இரண்டு கை கெளுத்தி மீனோடு வருவார். வீட்டில் கஞ்சி மட்டும் தண்ணீராகிக்கொண்டே வந்தது.

அந்த நேரம்தான் கும்மிடிப்பூண்டிப் பக்கம் செம்மண் காட்டை வெட்டி ஷெட்டு ஷெட்டாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு சின்னப் பட்டறை. இரும்புத் தகட்டில் ஓட்டை போடுகிற வேலை. பொம்பளைகளையும் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அம்மா ஒரு நாள் விசாரிக்கப் போனாள், மறுநாளே சேர்ந்துவிட்டாள். எனக்குப் பள்ளிக்கூட லீவு. வீட்டில் விட்டால் ஏரியில் இறங்கிவிடுவேன் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போய் பட்டறை வாசலில் வாட்ச்மேன் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

அந்த வாசலில் ஒரு பலகை இருந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

கேட்டுக்கு உள்பக்கம், வாட்ச்மேன் ஸ்டூலுக்கு மேலே, சுவரில் ஒரு நீளப் பலகை. அதில் வரிசையாக ஆணிகள். மோதிரம் போட்டுக்கொண்டு மெஷினில் நின்ற ஒருவருக்கு விரல் போய்விட்டதாம். அதிலிருந்து மேஸ்திரி, கழுத்திலும் கையிலும் ஒன்றும் இல்லாமல்தான் உள்ளே வரவேண்டும் என்று சட்டம் போட்டிருந்தார். காலையில் சங்கு ஊதியதும் ஒவ்வொருவராக வந்து கழற்றி அவரவர் ஆணியில் மாட்டிவிட்டுப் போவார்கள். தர்காவில் மந்திரித்த வெள்ளித் தாயத்து ஒன்று. அதற்குப் பக்கத்தில் மாதா சுரூபம். ஒரு உருத்திராட்சம். ஆந்திராப் பக்கத்திலிருந்து வந்த அக்காவின் கருகமணிச் சரம்; அவர்களுக்கு அதுதான் தாலிக்குச் சமம். சர்ச்சுக்குப் போகிற வேதக்கார அக்காவின் கல்யாண மோதிரம். ஆபீஸ் கிளார்க்கு வாசலோடு போகிறவர்தான், மெஷின் பக்கமே வரமாட்டார். ஆனால் அவரும் தன் நீலக்கல் மோதிரத்தைப் பெருமைக்குக் கழற்றி மாட்டுவார். நீலம் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது, தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்துக் கெட்ட கனவு வராமலிருந்தால்தான் போடலாம், தனக்கு வந்ததெல்லாம் நல்ல கனவு என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அப்படி என்ன கனவு கண்டார் என்று கடைசிவரை சொல்லவில்லை.

வாட்ச்மேன் தாத்தா கவரைப்பேட்டைக்காரர். வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாளத்தில் சண்டைக்குப் போய்வந்தவர். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்க மாட்டார், அம்மா எனக்குக் கொடுத்துவிட்டுப் போன நாஷ்டாவில் பாதியைக் கதை சொல்லியே தின்றுவிடுவார். எகிப்தில் கழுதைக்கும் ஒட்டகத்துக்கும்கூட நீலப் பாசி கட்டுவார்களாம், கண் படாமலிருக்க. இத்தாலியில் கைக்குழந்தை கழுத்தில் பவளம் கட்டுவார்களாம். பர்மாவில் ஒருவன் சின்னக் கல்லைத் தோலுக்கு அடியிலேயே வைத்துத் தைத்துக்கொண்டிருந்தானாம், கத்தி இறங்காது என்று. சீனாக்காரன் பச்சைக் கல்லை விடமாட்டானாம், அது உடைந்தால் தனக்கு வந்த ஆபத்தை அது வாங்கிக்கொண்டது என்று கும்பிடுவானாம். எல்லாம் புளுகு என்று அப்போது நினைத்தேன். பிற்காலத்தில் நாலு புத்தகம் படித்த பிறகு தெரிந்தது, பாதிதான் புளுகு.

அவர் சட்டைக்குள்ளேயும் ஒரு கயிறு இருந்தது. ஒரே கயிற்றில் மாதா, முருகர் டாலர், ஒரு தாயத்து. ஏன் தாத்தா மூன்று என்று கேட்டேன்.

"மூணு பேரு கீறாங்க பாப்பா. ஒருத்தரு தூங்கிட்டாலும் இன்னொருத்தரு டூட்டில இருப்பாரு."

அவர் மெஷினில் நிற்பதில்லை. அதனால் அவர் கயிற்றை யாரும் கழற்றச் சொல்லவில்லை.

அம்மாவின் தாலிக்கு வருகிறேன். மஞ்சள் கயிற்றில் பொன் தாலி, இரண்டு கருகமணி, நடுவில் ஒரு பவளம். பவளம் என்றால் சின்னதல்ல, புளியங்கொட்டை அளவு, ஒரு ஓரம் லேசாக உடைந்தது. கல்யாணத்தின்போது நைனா ஆரணி ஆசாரியிடம் பிடிவாதம் பிடித்து வாங்கியது. கிளார்க்கைக் கேட்டால் பவளம் செவ்வாய்க்கு என்பார். எங்கள் குப்பத்தில் அதற்கு வேறு அர்த்தம். பவளம் கடல் பெற்ற பிள்ளை, அதைக் கழுத்தில் கட்டியிருக்கிறவளின் புருஷனைக் கடல் தொடாது என்பார்கள். அவ்வளவு பெரிய பவளம் குப்பத்தில் வேறு யாரிடமும் இல்லை. தூரத்தில் பார்த்தாலே இன்னார் பெண்டாட்டி என்று தெரியும்.

அதோடு ஒரு வழக்கமும் உண்டு. ஆம்பளை தண்ணீரில் இருக்கும்போது தாலி கழுத்தைவிட்டு இறங்கக்கூடாது. கயிறு இற்றுப்போய் மாற்றுவதென்றாலும் அவர் கரையில் இருக்கிற நாளில், புதுக் கயிற்றைக் கழுத்தில் கட்டிக்கொண்ட பிறகுதான் பழையதை அவிழ்க்க வேண்டும். ஒரு மூச்சு நேரம்கூடக் கழுத்து வெறுமையாக இருக்கக்கூடாது. இதில் எங்கள் குப்பத்திலேயே கறாரானவள் எங்கள் அத்தை, நைனாவின் அக்கா. பிள்ளையில்லை. மாமா முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து போனபோது நான் கைக்குழந்தை. அதிலிருந்து எங்கள் வீட்டோடு இருந்தாள். அம்மா குளித்துவிட்டு வந்தால் அத்தையின் கண் முதலில் போவது அம்மாவின் கழுத்துக்குத்தான். எனக்கு அவளைக் கண்டால் பிடிக்காது. பொறாமை பிடித்தவள் என்று நினைத்தேன். அக்கம்பக்கத்தில் சிலர் அவளைப் புருஷனை முழுங்கினவள் என்று சொல்வார்கள், அவள் காதில் விழுகிற மாதிரியே சொல்வார்கள்.

முதல் சில நாள் அம்மா தாலியை ஜாக்கெட்டுக்குள் விட்டு ஊக்குக் குத்திக்கொண்டு வேலை செய்தாள். ஒரு நாள் குனிந்தபோது ஊக்கு பிடுங்கிக்கொண்டு கயிறு வெளியே வந்து, சுற்றிக்கொண்டிருந்த துரப்பணத்துக்கு மேலே ஊசலாடியிருக்கிறது. பக்கத்து மெஷினில் இருந்த பாய்தான் கையை நீட்டி ஸ்விட்சை அணைத்தாராம். மேஸ்திரி அம்மாவை வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"கயிறு உள்ள போச்சின்னா கழுத்தும் கூடவே போவும்மா. இங்க மாட்டிட்டு மெஷினாண்ட வா. இல்லாங்காட்டி ஊட்டுக்குப் போ, நான் ஒண்ணும் சொல்லல."

நைனா அந்த நேரம் ஏரியில் இருந்தார். அம்மா பலகையைப் பார்த்தாள். ஆந்திரா அக்காவின் கருகமணியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு தாலியைக் கழற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, எல்லாவற்றுக்கும் மேலே காலியாக இருந்த ஆணியில் மாட்டினாள். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு இரு என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். போகும்போது அவள் கை வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டே போனது. எனக்குப் பயமாக இருந்தது. நைனாவின் உயிரை ஆணியில் மாட்டிவிட்டு என்னைக் காவல் வைத்திருக்கிறாள் என்றே நினைத்தேன். ஒன்றுக்குப் போகக்கூட எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் நைனா படகைக் கரையேற்றிக்கொண்டிருந்தார். மறுநாளும் அப்படித்தான். அதற்கப்புறம் எனக்குப் பயம் விட்டுப்போனது. வீட்டில் அம்மா இதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை, நானும்தான். பஸ் ஏறுவதற்கு முன்னால் தாலி அவள் கழுத்துக்கு வந்துவிடும்.

அப்புறம் வந்தது அந்த நாள். எங்கள் குப்பத்திலிருந்து கருவாடு எடுத்து சைக்கிளில் விற்கிற ஒருவர் உண்டு. புதிதாகக் கம்பெனிகள் வருவதைப் பார்த்து அன்றைக்கு எங்கள் பட்டறை வாசலுக்கும் வந்திருக்கிறார். நான் பலகைக்குக் கீழே முட்டியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். வேறொன்றுமில்லை, காலில் சிவப்பெறும்பு கடித்துவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். எனக்கு மேலே ஆணியில் தொங்குகிற தாலியை, உடைந்த பவளத்தை, பார்த்தார். அந்தப் பவளத்தைத் தெரியாதவர் யார்? தாலி ஏன் ஆணியில் தொங்குகிறது என்ற கேள்வியை அழுகிற பிள்ளையிடம் யாரும் கேட்க மாட்டார்கள். என் தலையைத் தடவிவிட்டு, ஒரு கருவாடுகூட விற்காமல் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நல்ல மனிதர், தலையைத் தடவிவிட்டுப் போகிறாரே என்று நினைத்தேன்.

அவர் மிதித்த மிதியில் சேதி வெயில் தாழ்வதற்கு முன்னால் குப்பம் போய்ச் சேர்ந்தது. அவர் முதலில் சொன்னது அத்தையிடம். தம்பி போய்விட்டான், பெண்டாட்டி பட்டறையிலேயே தாலியைக் கழற்றிவிட்டாள் என்று. அத்தை போட்ட கூச்சலில் மொத்தக் குப்பமும் கூடிவிட்டது. பொம்பளைகள் மாரில் அடித்துக்கொண்டார்கள். ஆம்பளைகள் உடம்பைத் தேடப் படகெடுத்தார்கள். அந்தக் கோடையில் ஏரியில் இருந்தது இடுப்பளவுத் தண்ணீர். அதில் நைனா எப்படி முழுகிப்போவார் என்று ஒருவர்கூட யோசிக்கவில்லை. தாலி ஆணியில் தொங்குகிறதே, அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

நைனா ஒரு மணல்திட்டோரம் படகில் வலையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாராம். எழுப்பியவர்கள் அவரைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறார்கள். என்ன ஏது என்று சொல்லாமல் வீட்டுக்கு வா, வீட்டுக்கு வா என்று மட்டும் சொல்ல, பட்டறை மெஷினில் அம்மாதான் போய்விட்டாள் என்று அவர் முடிவு கட்டிக்கொண்டார். படகை அப்படியே விட்டுவிட்டுத் தண்ணீரில் குதித்துக் கரைவரைக்கும் ஓடியே வந்திருக்கிறார்.

நாங்கள் குப்பத்துக்குள் நுழைந்தபோது கண்டது இதைத்தான்: வீட்டு வாசலில் கூட்டம், நடுவில் சேறும் தண்ணீருமாக நைனா. அம்மாவைப் பார்த்ததும் அவர் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். அம்மாவின் கழுத்தில் தாலி, தலையில் பூ. ஊருக்கு வீணாக அழுத ஆத்திரம் வேறு.

வலை உலர்த்துகிற மணலிலேயே பஞ்சாயம் கூடியது. அம்மா உள்ளதைச் சொன்னாள்.  ஏரியில் ஆம்பளை இருக்கத் தாலியை ஆணியில் மாட்டுகிற பொம்பளையைக் குப்பம் பொறுக்காது, நாளையிலிருந்து வேலைக்குப் போகக்கூடாது என்றார் குப்பத்துப் பெரியவர். அத்தைதான் எல்லாரையும்விட அதிகமாகக் கத்தினாள். வேலை போனால் வீட்டில் மறுபடியும் அந்தத் தண்ணீர்க் கஞ்சிதான் என்பது எனக்கும் தெரிந்தது. 

நைனா எழுந்தார். அதிகம் பேசாத மனிதர். அத்தை பக்கம் திரும்பிக் கேட்டார்.

"அக்கா, மாமா போன அன்னிக்கு உன் கழுத்துல தாலி இருந்திச்சா, இல்லியா?"

இருந்தது என்று அவள் சொல்வாள், அதோடு பேச்சு முடிந்துவிடும் என்றுதான் அவர் கேட்டிருப்பார். எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம். அத்தை மணலைப் பார்த்தபடி சொன்னாள்.

"இல்லடா. கயிறு இத்துப் போயிருந்திச்சி. புதுசுல கோக்கலாம்னு கழட்டி அரிசிப் பானை மேல வச்சேன். கோத்துக்கினு இருக்க சொல்லதான் ஆளு வந்து சொன்னாங்கோ."

 அத்தனை வருஷமும் இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். ஊர் அவளைப் புருஷனை முழுங்கினவள் என்று சொன்னபோதெல்லாம் அவளும் உள்ளுக்குள் ஆமாம் என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அம்மாவின் கழுத்தை அவள் பார்த்த பார்வை பொறாமை இல்லை, தம்பியும் அப்படிப் போய்விடக்கூடாதே என்கிற பயம். ஒன்பது வயதில் எனக்கு அது முழுசாகப் புரியவில்லை. ஆனால் அவளைப் பிடிக்காமல் இருப்பதை அன்றோடு விட்டுவிட்டேன்.

அம்மா போய் அவள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, நாளைக்கும் நான் கழட்டதான் போறேன். நீ கரையில நின்னு பாரு. அவரு வரலன்னா அப்ப வந்து என்ன கேளு."

 புருஷன்காரன் சம்மதித்தால் சரி, நாளைக்கு ஏதாவது ஒன்று ஆனால் குப்பத்தைக் கேட்கக்கூடாது என்று சொல்லிப் பெரியவர் எழுந்துவிட்டார். நைனா வேட்டியைப் பிழிந்துகொண்டே சரி என்றார்.

மறுநாளிலிருந்து அத்தை கரையில் நின்றாள். நாங்கள் கிளம்பும்போது போவாள், நைனா படகு வந்த பிறகுதான் வீட்டுக்கு வருவாள். வெயிலில் முகம் கறுத்து உதடு வெடித்துப்போனது. அவளை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நைனா மட்டும் கொஞ்சம் சீக்கிரமாகவே திரும்ப ஆரம்பித்தார்.

கோடை முடிகிற சமயம், சுற்றுவட்டக் குப்பத்து ஆம்பளைகள் எல்லாம் மண்வெட்டியோடு போய் முகத்துவாரத்தை வெட்டித் திறந்தார்கள். கடல் உள்ளே பாய்ந்தது. அடுத்த நாள் படகுகள் அந்த வாய் வழியாகக் கடலுக்குள் போவதென்று முடிவானது. மாமா போன அதே வாய். மணல் வெட்டின புதிதில் அங்கே சுழி அதிகம் என்று எங்களுக்கெல்லாம் தெரியும்.

அன்று காலை அத்தை கரைக்குப் போகவில்லை. எங்களோடு பஸ் ஏறினாள். ஏன் என்று அம்மா கேட்கவில்லை. பட்டறை வாசலில் சங்கு ஊதியது, எல்லாரும் மாட்டிவிட்டு உள்ளே போனார்கள். அம்மா மட்டும் பலகைக்கு முன்னால் நின்றாள். கை கயிற்றின்மேல் இருந்தது, கழற்றவில்லை. அத்தனை நாள் தைரியமாகக் கழற்றியவளுக்கு அன்றைக்குக் கை வரவில்லை. மேஸ்திரி உள்ளேயிருந்து ஒரு குரல் கொடுத்தார்.

அத்தை முன்னால் வந்தாள். நம் ஊரில் தாலியறுத்தவளின் கை இன்னொருத்தியின் தாலிமேல் படுவதை யாராவது விடுவார்களா? அம்மா தலையைக் குனிந்து கழுத்தைக் காட்டினாள். அத்தை தன் கையாலேயே அதைக் கழற்றி, எம்பி, மேலாணியில் மாட்டினாள்.

"நீ போ. நான் பாத்துக்கினு கீறேன்."

எழுந்திருக்கவே மாட்டாத வாட்ச்மேன் தாத்தா எழுந்து ஸ்டூலை அவளுக்குப் போட்டார். அன்று முழுக்க ஒரு கதையும் சொல்லவில்லை. என் நாஷ்டாவையும் தொடவில்லை. அத்தை தண்ணீர்கூடக் குடிக்காமல் அந்தப் பவளத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கருகமணி, சுரூபம், தாயத்து, நீலக்கல் எல்லாம் அதற்குக் கீழே அசையாமல் தொங்கின.

சாயங்காலம் எளாவூரில் இறங்கி மூன்று பேரும் எட்டிப்போட்டு நடந்தோம். கரைக்கு வந்தோம். படகுகள் வந்திருந்தன. நைனா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வலையிலிருந்து மீனைப் பிரித்துக்கொண்டிருந்தார், வாயில் பீடி.

ஒருவர் ஒரு நாள் பிழைத்து வந்ததால் எதுவும் நிரூபணமாகாது என்று படித்தவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். அத்தை மணலில் காலை நீட்டி உட்கார்ந்தாள். அம்மாவின் கழுத்தில் திரும்பி ஏறியிருந்த பவளத்தைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம், யாரிடமோ சொல்கிறாற்போலச் சொன்னாள்.

"அப்ப, அவர நான் முழுங்கலடி."

"இல்ல அண்ணி" என்றாள் அம்மா.